சைபர் காட்டும் கருவியை நம்பலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். இதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை.

சென்ற வாரம் அஸருக்குப் பிறகு கடற்கரையில் நடந்ததை ஊரில் அனேகமானோர் வட்சப்பில் பார்த்திருப்பீர்கள். லீவில் வந்திருக்கும் நம்ம தம்பி ஒருவர் கதிர்வீச்சு அளக்கும் சிறு கருவியொன்றைக் கொண்டுவந்து கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கறுமணலின் மேல் வைத்தார். சைபர். காய்ந்த கருவாட்டின் மேல் வைத்தார். சைபர். பள்ளிவாசல் படிக்கட்டுக் கல்லில் வைத்தார், அங்கும் சைபர். "நம்மட கரைக்கு ஒண்டுமில்ல, இனி ஆரும் பயப்பிட வேணாம்" என்ற குரலோடு அந்த வீடியோ மூன்று குழுமங்களைச் சுற்றி வந்துவிட்டது. கறுமணல் பற்றிப் பல மாதமாகப் பயந்துகொண்டிருந்த தாய்மாருக்கு நிம்மதி.

எங்களுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. மணலில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேலை செய்யும் ஒரு கைகர் எண்ணி இந்தப் பூமியில் எந்த இடத்திலும் தொடர்ந்து சைபர் காட்டாது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், நீங்கதானே அண்டைக்குச் சொல்லித் தந்த, சைபர் எண்டா ஒண்டுமில்ல எண்டு."

உண்மைதான். அவர் எங்களிடம் உயர்தரம் படித்தவர். அந்தக் காலத்தில் ஆய்வுகூட அலுமாரியில் ஒரு பழைய கைகர்-முல்லர் குழாய் இருந்தது. வருடா வருடம் அதை வெளியே எடுப்போம், இணைப்போம், எண்ணி அசையாது. "பார்த்தீர்களா, இங்கே கதிர்த்தொழிற்பாட்டு மூலம் எதுவுமில்லை, அதனால் சைபர்" என்று விளக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பெட்டியில் வைப்போம். செத்துப்போன குழாயைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை அணிப் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடனை இந்தப் பதிவில் கொஞ்சமாவது அடைக்கலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் பழைய கதை. கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மின்னேற்றிய ஒரு பொருளைத் தொடாமல் வைத்தாலும் அதன் ஏற்றம் மெதுவாகக் குறைவதைக் கூலோம் கவனித்திருந்தார். அது 1785. நம்ம பாடசாலைகளில் உள்ள பொன்னிலை மின்காட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் கொடுத்தால் இலைகள் விரியும். எவ்வளவுதான் நல்ல காவலி போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அவை தாழ்ந்துவிடும். காவலி சரியில்லை, காற்றில் ஈரம், தூசு என்று எல்லோரும் கருவியைத்தான் குறை சொன்னார்கள்.

1901 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சி.டி.ஆர். வில்சன் அப்படிப்பட்ட கருவியொன்றை எடுத்துக்கொண்டு, இரவில் ரயில் ஓடாத நேரம் பார்த்து, ஒரு ரயில் சுரங்கத்துக்குள் போனார். வெளியிலிருந்து ஏதோ வந்து ஏற்றத்தைக் குறைக்கிறதென்றால் மேலே மலை இருக்கும் இடத்தில் அது குறைய வேண்டுமே என்பது அவர் யோசனை. குறையவில்லை. எனவே வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்று முடிவெடுத்தார். (சுரங்கப் பாறையே கொஞ்சம் கதிர்வீசும் என்பது அவருக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பாவம், விடையின் வாசல்வரை போய்த் திரும்பியவர்.)

பாதிரியாரும் பௌதிகவியல் ஆசிரியருமான தியோடர் வுல்ஃப் 1910 இல் தானே செய்த மின்காட்டியை ஈபிள் கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். 300 மீற்றர் உயரத்தில் தரையின் கதிர்வீச்சு அனேகமாக மறைந்துபோயிருக்க வேண்டும். குறைந்தது, ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அப்போதும் பலர் கருவியைத்தான் சந்தேகித்தார்கள்.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொன்னவர் ஒஸ்ரியாவின் விக்டர் ஹெஸ். அவர் ஒரு கருவியை நம்பவில்லை, மூன்றைக் கொண்டுபோனார். உயரே போகும்போது வெளிக்காற்றின் அமுக்கம் குறையுமல்லவா, அது உள்ளே இருக்கும் காற்றைப் பாதித்தால் அளவீடு பொய்யாகிவிடும். ஆகவே இரண்டைக் காற்றுப் புகாமல் தடித்த சுவருடன் அடைத்தார். மூன்றாவதற்கு மெல்லிய சுவர். ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். 1912 ஓகஸ்ட் 7 ஆம் திகதி ஐதரசன் பலூனில் 5,300 மீற்றருக்கும் மேலே ஏறினார். தொடக்கத்தில் கொஞ்சம் குறைந்த அயனாக்கம் பிறகு கூடிக்கொண்டே போய், உச்சியில் தரையிலுள்ளதைப் போல இரு மடங்கைத் தாண்டியது. அதே வருடம் ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்து பார்த்து, சூரியன் மறைந்தும் அளவு குறையாததால் அது சூரியனிலிருந்து வருவதல்ல என்றும் கண்டிருந்தார். அண்டக் கதிர் என்று இன்று நாம் சொல்வது அதுதான். 1936 இல் நோபல் பரிசு கிடைத்தது. நூற்றிருபது வருடமாகக் கருவியின் குறை என்று நினைத்த ஒழுக்கில் ஒரு பங்கு வானத்திலிருந்து வந்திருக்கிறது.

இனி எண்ணிக்கு வருவோம். 1908 இல் மன்செஸ்டரில் ரதர்போர்டும் அவருடைய உதவியாளர் ஹான்ஸ் கைகரும் ஒரு குழாயின் நடுவே மெல்லிய கம்பியை இழுத்து, உள்ளே குறைந்த அமுக்கத்தில் வாயுவை வைத்து, ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் கொடுத்தார்கள். ஓர் அல்பாத் துணிக்கை உள்ளே வந்தால் வாயு அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்க்கும். அவை கம்பியை நோக்கி ஓடும் வேகத்தில் மேலும் அணுக்களை முட்டி மேலும் இலத்திரன்களைப் பிய்க்கும். மலையில் ஒரு கல் உருண்டு நூறு கல்லை உருட்டுவது போல. கடைசியில் மானியின் முள் ஒரு துள்ளுத் துள்ளும். ஒரு துள்ளல், ஒரு துணிக்கை.

ஆனால் ஒவ்வொரு துள்ளலும் உண்மையில் ஒரு துணிக்கைதான் என்று எப்படித் தெரியும்? அவர்கள் செய்ததை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நாகசல்பைட்டுத் திரையில் அல்பாத் துணிக்கை பட்டால் சின்ன மின்னல் தெரியும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அந்த மின்னல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அதே மூலத்தை மின்முறையாலும் எண்ணினார்கள். இரண்டு கணக்கும் பொருந்தின. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் அவர்கள் எண்ணியை நம்பினார்கள்.

1910 இல் இன்னொரு வேலையும் செய்தார்கள். சம அளவான 2,608 நேர இடைவெளிகளில் எத்தனை துணிக்கைகள் வந்தன என்று எண்ணி, அவை ஒழுங்கில்லாமல், தற்செயலாகவே வருகின்றன என்றும் அந்தத் தற்செயலுக்கு ஒரு கணிதச் சட்டம் உண்டு என்றும் காட்டினார்கள். இது இன்றைக்கும் கருவியைச் சோதிக்க உதவுகிறது. எண்ணியின் 'டிக் டிக்' சத்தம் மணிக்கூடு போலச் சீராக வந்தால் அது கதிர்வீச்சில்லை, எங்கேயோ மின்சுற்றில் கோளாறு. உண்மையான கதிர்வீச்சு, தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவது போலத்தான் கேட்கும்.

1928 இல் ஜேர்மனியின் கீல் நகரில் கைகரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் எல்லா வகைக் கதிரையும் உணரும் குழாயைச் செய்து முடித்தார்கள். நாம் இன்று கைகர்-முல்லர் குழாய் என்று சொல்வது இதைத்தான். முந்திய எண்ணிகள் மூலம் எதுவும் பக்கத்தில் இல்லாதபோதும் துள்ளிக்கொண்டிருந்தன. குறை என்று நினைத்த அந்தத் துள்ளல்களில் கணிசமானவை ஹெஸ் கண்ட அதே அண்டக் கதிரும், சுவரிலும் மண்ணிலும் இருந்து வரும் கதிருமே. இதைத்தான் பின்னணி எண்ணிக்கை என்கிறோம்.

நம்ம தம்பியின் கருவி போன்ற சிறு குழாய் நிமிடத்துக்குச் சராசரியாக 20 தடவையாவது துள்ளும். ரதர்போர்டும் கைகரும் காட்டிய அதே சட்டப்படி கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட குழாய் ஒரு முழு நிமிடம் ஒரு தடவையும் துள்ளாமல் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 48 கோடியில் ஒன்று. வீடியோவில் சைபர் நான்கு நிமிடத்துக்கும் மேல் நிற்கிறது.

இந்தக் குழாய்கள் எப்படிச் சாகின்றன? உள்ளே ஆகன் அல்லது நியோன் வாயு இருக்கும். ஒரு துடிப்பு தொடங்கினால் அதை அணைக்கவும் ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் குழாய் ஓயாமல் மின்னிக்கொண்டேயிருக்கும். ஆரம்பத்தில் அதற்கு மதுசார ஆவியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் மதுசாரம் உடைந்து தீர்ந்துபோகும். 100 கோடி முதல் 1,000 கோடி துடிப்போடு குழாயின் ஆயுள் முடிந்துவிடும். 1947 இல் அமெரிக்காவின் சிட்னி லீப்சன் அதற்குப் பதிலாகக் குளோரீன், புரோமீன் போன்ற வாயுக்களைச் சேர்த்தார். அவை உடைந்தாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதனால் பழைய குழாய்களின் வயதை அறிய ஒரு சோதனை வைத்திருந்தார்கள்: வோல்ற்றை மெல்ல மெல்லக் கூட்டி எண்ணிக்கையை வரைந்தால், நடுவே வரைபு மட்டமாக ஓடும் ஒரு பகுதி வரும். அந்த மட்டம் குறுகி, சரிவு கூடினால் குழாய் கிழடாகிவிட்டது. உயர்தரப் பிள்ளைகள் கணக்கில் வரையும் அதே வரைபுதான். இது தவிரக் கண்ணாடி கீறிப்போய் வாயு வெளியேறலாம், வோல்ற்று போதாமல் போகலாம். இந்த இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: சைபர்.

இதைவிடப் பயங்கரமான ஒரு சைபரும் இருக்கிறது. ஒரு துடிப்புக்குப் பிறகு குழாய் அடுத்ததை உணரச் சிறிது நேரம் எடுக்கும், ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில். கதிர்வீச்சு மிக மிகக் கூடினால் குழாய்க்கு மூச்சுவிட நேரமில்லை. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிறுத்துப்போகும், மின்சுற்று அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். அப்போது முள் திரும்பக் கீழே இறங்கும். ஆள் நெருப்புக்குள் நிற்கிறார், கருவி குளிர் என்கிறது.

பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் மக்கள் அளப்பதற்கென்று அமெரிக்க அரசு மஞ்சள் நிறப் பெட்டிக் கருவிகளை ஆயிரக்கணக்கில் செய்து வைத்தது. அதில் சி.டி.வி. 700 என்பது கைகர் எண்ணி. அதன் பக்கச் சுவரிலேயே மிகச் சிறிய கதிர்த்தொழிற்பாட்டு மூலம் ஒன்று ஒட்டியிருக்கும். பாவிக்க முன் உணரியை அதில் வைத்து முள் உரிய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். எளிய, நேர்மையான ஏற்பாடு. ஆனால் கடும் கதிர்வீச்சில் அதே கருவியின் சில மாதிரிகள் நாங்கள் மேலே சொன்னபடி கீழே இறங்கிவிடும் என்று எச்சரிக்கையும் இருந்தது. அதற்காக சி.டி.வி. 715 என்ற இன்னொன்று. இது துடிப்பை எண்ணாது, காற்றறையில் அயன்களால் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும். மணிக்கு 500 ரொன்ட்ஜன் வரை காட்டும். இதன் குமிழைத் திருப்பினால் 'சுற்றுச் சோதனை' என்று ஓர் இடம் வரும். முள் அங்கே சரியாக நின்றால் பற்றரியும் மின்சுற்றும் நலம். கதிரை உணரும் அறை நலமா என்று அது சொல்லாது. அதற்காகக் கருவிகளை இடைக்கிடை பட்டறைக்குக் கொண்டுபோய் வலுவான மூலத்தின் முன் வைத்துச் சோதித்தார்கள்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்றைச் சோதிப்பது வேறு, உணரியைச் சோதிப்பது வேறு. தம்பியின் கருவியும் ஒவ்வொரு தடவை போடும்போதும் 'பீப்' என்று கத்தி, சோதனை சரி என்றுதான் காட்டுகிறது. தன் மூளையைத்தான் அது சோதித்தது, கண்ணையல்ல.

கருவி சொன்னதைத் தவறாக வாசித்ததால் என்ன நடக்கும் என்பதற்கு 1986 ஏப்ரல் 26 செர்னோபில் இரவு சாட்சி. அன்று பணியாளர்களின் கைக்கு எட்டிய மானிகள் மணிக்கு 3.6 ரொன்ட்ஜனுக்கு மேல் காட்ட முடியாதவை. முள் எல்லையில் போய் முட்டி நின்றது. மிகப் பெரிய அளவைக் காட்டக்கூடிய ஒரு மானி இடிபாட்டுக்குள், இன்னொன்று போட்டவுடன் பழுதாகிவிட்டது. எல்லை என்ற அந்த 3.6 தான் அளவீடு என்று மேலே போய்ச் சேர்ந்தது. உண்மையில் சில இடங்களில் மணிக்கு ஆயிரக்கணக்கான ரொன்ட்ஜன். உலை உடையவில்லை என்று நம்ப விரும்பியவர்களுக்கு அந்த இலக்கம் வசதியாக இருந்தது. (உள்ளே எந்த வகை உணரி இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. சைபரைப் போலவே உச்ச இலக்கமும் பொய் சொல்லும்.)

இன்றைய நல்ல கருவிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு துடிப்பும் வராவிட்டால் 'உணரி பழுது' என்று கத்துகின்றன. சிலவற்றின் உள்ளேயே சிறு மூலம் வைத்து, அளவு ஒருபோதும் சைபருக்கு இறங்காமல் செய்திருக்கிறார்கள். இன்னும் சில, துடிப்பை எண்ணுவதோடு குழாயில் ஓடும் மொத்த மின்னோட்டத்தையும் பார்க்கின்றன. எண்ணிக்கை இல்லை, மின்னோட்டமோ எக்கச்சக்கம் என்றால் அது நிரம்பிப்போன குழாய்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வு நிலையத்தில் செய்வது. 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அங்குள்ள மோதுவியைச் சுற்றி நைதரசன் நிரப்பிய 3,500க்கும் மேற்பட்ட அயனாக்க அறைகள் காவல் நிற்கின்றன. கற்றை கொஞ்சம் வழிமாறினாலும் அவை உணர்ந்து கற்றையை வெளியேற்றிவிட வேண்டும். அத்தனை அறைக்கும் யார் மூலத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது? அதனால் கற்றையைச் செலுத்த முன், எல்லா அறைகளுக்கும் கொடுக்கும் உயர் வோல்ற்றை மெதுவாக ஏற்றி இறக்கி அசைக்கிறார்கள். ஒவ்வொரு அறையும் அந்த அசைவுக்கு ஏற்றபடி மெல்லிய மின்னோட்டமாகப் பதில் சொல்ல வேண்டும். கம்பி கழன்றிருந்தால் பதில் வராது. பதில் வராவிட்டால் கற்றைக்கு அனுமதி இல்லை. காலையில் வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதும் இதுவும் ஒன்றுதான். பெயர் கூப்பிட்டால் 'வந்திருக்கேன்' என்று குரல் வர வேண்டும். மௌனமாக இருக்கும் பிள்ளை வந்திருப்பதாக எந்த ஆசிரியரும் எழுதுவதில்லை.

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1904 இல், அப்போது இலங்கையின் கனிப்பொருள் அளவையை நடத்திக்கொண்டிருந்த ஆனந்த குமாரசுவாமி சப்ரகமுவவில் கண்டெடுத்த கறுப்புக் கனிமம்தான் தோரியனைற்று. அடுத்த வருடம் இலண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த உப்பை ஆராயும்போது ரேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். 1938 இல் யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டவரும் அவர்தான், அதற்கு அவர் மேசையில் இருந்தவை கைகர்-முல்லர் எண்ணிகள். பேருவளைக் கரையிலுள்ள மொனசைற்று மணலிலும் தோரியம் உண்டு. ஆகவே கறுமணலைப் பற்றிக் கேள்வி கேட்ட தாய்மார்கள் முட்டாள்தனமாக எதையும் கேட்கவில்லை.

மொனசைற்றிலிருந்து எடுத்த தோரியத்தால்தான் முன்பு பெற்றோல்மெக்ஸ் மென்டில் செய்தார்கள். மென்டில் வலையை எரித்தால் மிஞ்சும் வெள்ளைச் சாம்பலில் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டு. இப்போது வருபவை பெரும்பாலும் அப்படியில்லை, பழையவை அப்படித்தான். கரண்ட் வராத காலத்தில் மீலாத் கூட்டங்களையும் கல்யாண வீடுகளையும் ஒளியாக்கியது அந்தச் சாம்பல். ஒரு கைகர் எண்ணி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட இலகுவான பொருள் நம்மூரில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திக் கடைக் காக்காவின் பழைய இருப்பிலிருந்து பிரிக்காத மென்டில் பொதி ஒன்று கிடைத்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் உட்கார்ந்தோம். கருவி 'பீப்' என்றது, சோதனை சரி என்றது. பொதியை உணரிமேல் வைத்தோம். ஐந்து நிமிடம். சைபர். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த கண்ணாடிக் குழாயின் ஓரத்தில் மயிரிழை போலக் கீறல். பயணப் பெட்டிக்குள் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. வாயு போய்விட்டது. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "வீடியோவ அழிக்கச் சொல்லோணும் சேர்" என்றார். எங்கள் அலுமாரியில் இருந்த பழைய குழாயையும் அதே பொதியின் முன் வைத்தோம். அதுவும் பேசவில்லை.

ஆகவே, கறுமணலைப் பற்றி இன்று நல்லதாகவும் கெட்டதாகவும் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பயமூட்டும் வேறொன்றையும் பகிர வேண்டாம். புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறோம். வந்தவுடன் ஊராரின் முன்னிலையில் முதலில் பத்து நிமிடம் பின்னணி, பிறகு மென்டில், பிறகு மீண்டும் பின்னணி, அதற்கும் பிறகுதான் மணல் என்ற ஒழுங்கில் எண்ணுவோம், இன்ஷா அல்லாஹ். உயர்தரப் பிள்ளைகள் கொப்பியும் நிறுத்தற் கடிகாரமும் கொண்டு வரவும். பழைய பிள்ளைகளும் வந்தால் சந்தோசம், அந்தப் பாடத்தை உங்களுக்குத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பழைய மென்டில் வைத்திருப்பவர்கள் பொதியைப் பிரிக்க வேண்டாம், எரித்ததின் தூளை ஊதவும் வேண்டாம். மூச்சோடு உள்ளே போகக் கூடாதது அது. அப்படியே பொலித்தீன் பையில் கட்டிப் பாடசாலைக் காரியாலயத்தில் எங்கள் பெயருக்குக் கொடுத்துவிடுங்கள்.